ஐம்பதில் வளையாதது எது?

தாராவியில் பொழுது விடியும் முன்பே இட்லிப் பானையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி கிளம்பும் நம்மூர்க்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். பானை நிறைய இட்லி, தூக்கில் சாம்பார், பிளாஸ்டிக் டப்பாவில் சட்னி. சயான், மாட்டுங்கா, தாதர் என்று தெருத் தெருவாக மிதிப்பார்கள். அவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். “இந்த வயசுல இது உமக்குத் தேவையா?” என்று அவர்களை நிறுத்திக் கேட்டவர் எவருமில்லை.

நாற்பத்தெட்டு வயதில் டிரையத்லான் போட்டிக்காக நான் ஒரு சைக்கிள் வாங்கியபோது கேட்காதவர்தான் எவருமில்லை. செம்பூரில் எங்கள் பில்டிங் வாட்ச்மேன் முதல் மாட்டுங்காவில் காபி குடிக்கக் கூடும் நண்பர்கள் வரை கேட்டார்கள். பெரியப்பா மகன் அண்ணாச்சி ஒரு படி மேலே போனார். “நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூணும் ஒரே நாள்லயா? எல, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமால?”

இந்தப் பழமொழிமேல்தான் என் வழக்கு. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே நெறிப்படுத்துங்கள் என்று பெற்றோரை எச்சரிக்கச் சொன்னது அது. நாம் அதை நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் லீவு லெட்டராக்கிவிட்டோம். உடம்பைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொண்டால் அது சுத்தப் பொய். 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் இவ்வளவு வளைகிறது. நமக்கு ஐம்பதிலேயே முறிந்துவிடுமாம்!

பிறகு எதுதான் வளையவில்லை? நீச்சல் குளத்தில் தெரிந்துகொண்டேன். ஆழமில்லாத பக்கம், கம்பியைப் பிடித்தபடி ஒரு வரிசை. என் இரண்டு பக்கமும் ஏழு வயதுப் பிள்ளைகள். நடுவில் தொந்தியும் நரைத்த மார்புமாக நான். பயிற்சியாளர் சொன்னதும் அவர்கள் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். நான் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு கை போட்டதும் திணறி எழுந்தேன். “காகா, ஷ்வாஸ் சோடா!” என்று கரையிலிருந்து கத்தினார் பயிற்சியாளர். மூச்சை விடு என்கிறார். தண்ணீருக்குள்ளேயே மூச்சை முழுக்க வெளியே விட்டால்தான் தலையைத் திருப்பும்போது உள்ளே இழுக்க இடமிருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. பக்கத்துப் பையனுக்கு இரண்டு நாள். அவன் திரும்பி, “அங்கிள், பயமா இருக்கா?” என்று தமிழில் கேட்டான். அன்று என்னிடம் வளைய மறுத்தது முட்டியும் இல்லை, முதுகும் இல்லை. இருபத்தைந்து வருட அலுவலக கௌரவம்.

ஐம்பது வயதில் நாம் எதையும் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், நாலு பேர் பார்க்கத் தப்பாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். வயது என்பது அந்தக் கூச்சத்துக்கு நாம் போர்த்தும் சால்வை. இட்லிக்காரருக்கு அந்தச் சால்வை வாங்க வசதியில்லை, அவ்வளவுதான். என் அப்பா தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவர். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது என்பதைச் சொல்லத்தான் நாற்பத்தெட்டு வருடம் தேவைப்பட்டது.

உடனே மிலிந்த் சோமனைக் காட்டுவார்கள். 2015-ல் 49 வயதில் சூரிச்சில் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானை முடித்தவர், நம் மும்பைக்காரர். எனக்கு அந்த உதாரணம் பிடிப்பதில்லை. அவர் இளமையில் தேசிய நீச்சல் சாம்பியன்; ஐந்திலேயே வளைந்தவர். ஜப்பானின் ஹிரோமு இனாடாவைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 60 வயதில் நீந்தத் தொடங்கி, 70 வயதில் முதல் டிரையத்லான் செய்து, 2018-ல் 85 வயதில் ஹவாய் அயர்ன்மேன் உலகப் போட்டியை முடித்தவர் அவர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழக அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் விபத்தில் காலில் அடிபட்டு, சர்க்கரை நோயும் கண்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி நூறு அரை மாரத்தான்களைக் கடந்தவர்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. “மனசு வைத்தால் போதும்” என்று மேடையில் முழங்குகிறவர்கள் பழமொழிக்காரர்களைவிட அபாயமானவர்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களை ஆராய்ந்தபோது, திடீர் மரணமும் இதயம் நின்றுபோனதும் விபத்து மரணமுமாக 135 சம்பவங்கள் தெரியவந்தன. லட்சம் பேருக்கு 1.74. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நடந்தவை. சராசரி வயது 47, பெரும்பாலும் ஆண்கள். அதாவது, என்னைப் போன்றவர்கள். அதனால் டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைச் சோதித்த பிறகே குளத்தில் இறங்கினேன். ஆபத்தைக் காட்டி உட்கார்ந்துவிடச் சொல்பவர்கள், உட்கார்ந்தே இருப்பவனுக்கு வரும் சர்க்கரையையும் அடைப்பையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை விதி என்று எழுதிவிடுகிறார்கள்.

பதினான்கு மாதம் கழித்து என் முதல் போட்டி. ஸ்பிரின்ட் எனப்படும் சின்ன அளவு: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். தண்ணீரில் இரண்டு முறை மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கினேன். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் இரண்டும் யாரோ கொடுத்த மரக்கட்டை. முதல் ஒரு கிலோமீட்டர் ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. கடைசியிலிருந்து நான்காவதாக வந்தேன். விடியும் முன் நான் வாஷி பாலம்வரை மிதித்த நாட்களிலெல்லாம் வீட்டில் அடுப்பு பற்றவைத்தது என் மனைவி. அவளுக்கும் வயது நாற்பத்தாறு. “நீயும் வா” என்று அவளைக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது என்பதையும் எழுதிவிடுகிறேன். இப்போது அவள் பெண்கள் பேட்ச்சில் இருக்கிறாள்.

போன மாதம் அண்ணாச்சி பேரனை நீச்சலில் சேர்க்க என்னோடு குளத்துக்கு வந்தார். கவுன்ட்டரில் ஒரே ஒரு படிவம் வாங்கினார். திரும்பும்போது முட்டி வலிக்கிறது, படி ஏறினால் இரைக்கிறது என்றார்.

அண்ணாச்சி, அடுத்த தடவை இரண்டாக வாங்குங்கள்.