உப்பிலியப்பனும் ஊறுகாய் ஜாடியும்

ஐம்பதைத் தாண்டிய வீடுகளில் உப்புக்கு இரண்டு அதிகாரிகள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் தெய்வம். டாக்டர் "குறைச்சுக்குங்க" என்றால் வீட்டில் சண்டை வரும். தெய்வம் "வேண்டவே வேண்டாம்" என்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டாவது தொன்னைக்குக் கை நீட்டுவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உப்பிலியப்பன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் கணவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு வழக்கு. "ரசத்துல என்னமோ குறையுதே" என்பார். குறைவது என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று மாமியார் மகன் பக்கம் சாய்ந்துவிடுவார். ஆனால் உப்பிலியப்பன்தான் அவர்கள் குடும்பத்துக்குக் குலதெய்வம். மாதாமாதம் திருவோணத்தன்று உப்பில்லாமல் சாப்பிட்டு சிரவண விரதம் இருப்பவரும் இதே மாமியார்தான். அன்றைக்கு அவர் இலையிலிருந்து ஒரு பருக்கை குப்பைக்குப் போனதில்லை.

கோயில் கதை பலருக்கும் தெரிந்ததுதான். துளசிச் செடியின் அடியில் கிடைத்த குழந்தையை மார்க்கண்டேய மகரிஷி வளர்க்கிறார். அவள் பூமாதேவி. கிழவர் வேடத்தில் பெருமாள் வந்து பெண் கேட்கிறார். ரிஷி தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்: சின்னப் பெண், சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது என்கிறார். வந்தவர் அசரவில்லை. உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றுவிடுகிறார். அந்த வாக்குக்காக இன்றுவரை அந்த மடைப்பள்ளியில் உப்பு கிடையாது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் பெருமாளின் பெருந்தன்மையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். "போய் சமையல் கத்துக்கிட்டு வா" என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. தன் நாக்கைத் திருத்திக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருடம் ஆன பிறகும் குழம்பில் ஒரு வாய் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கும் ஆண்கள் இந்தக் கோயிலுக்கு அடிக்கடி போவது நல்லது.

போன மாதம் நாங்கள் போனோம். ராத்திரி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ், விடியற்காலை கும்பகோணம். ரயில் என்றால் சாப்பாட்டுப் பை இல்லாமல் எங்கள் குடும்பம் நகராது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் எலுமிச்சை சாதமும் செங்கல்பட்டு வருவதற்குள் தீர்ந்துவிட்டன. தீராதது நொறுக்குத் தீனி. கும்பகோணத்தில் குளித்து, டிகிரி காபி குடித்து, ஆட்டோ பிடித்துக் கோயில் வாசலில் இறங்கும்போதுதான் மாமியாருக்கு நினைவு வந்தது: உப்புச் சேர்த்த பண்டம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பையைத் திறந்து மடியில் கொட்டினார். முறுக்கு. காராசேவு. உப்புக்கடலை. பாதி தின்று ரப்பர் பேண்ட் சுற்றிய உருளைக்கிழங்கு சிப்ஸ். கண்ணாடி பாட்டிலில் மாவடு, அது எதற்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வாழைப்பழத்தையும் இனிப்பு பிஸ்கட்டையும் மட்டும் இவை உள்ளே வரலாம் என்று தனியாக எடுத்துவைத்தார். என் மகள் பிஸ்கட் உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாட்டி, இதுலயும் உப்பு இருக்கு."

"இனிப்பு பிஸ்கட்டுல ஏதுடி உப்பு?"

உறையில் போட்டிருந்த பொருள்களில் உப்பும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் சோடியம் இவ்வளவு என்று தனியாக ஒரு வரி. மாமியார் ஒரு நிமிடம் யோசித்து, பிஸ்கட்டையும் முறுக்கோடு சேர்த்துவிட்டார். கடைசியில் பெருமாளைப் பார்க்கத் தகுதி பெற்றவை வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும்தான். "வச்சிட்டுப் போங்கம்மா, நான் இங்கதான் இருப்பேன்" என்றார் ஆட்டோக்காரர். என் கணவர் வாய் திறக்கவில்லை. சிப்ஸ் அவருடையது.

நாங்கள் வீட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ரசத்தில் விழும் அரை ஸ்பூனுக்காக. அதைவிட நிறைய உப்பு இந்தப் பையில் உட்கார்ந்திருந்தது. உறையில் மில்லிகிராமில் போட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட தலைதட்டிய ஒரு டீஸ்பூன். காலை இட்லி மாவிலிருந்து சட்னி, சாம்பார், பொரியல், மோர், ஊறுகாய், சாயங்காலம் கடையில் தின்னும் பஜ்ஜி வரை அத்தனையும் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். பஜ்ஜி உப்புவதற்குப் போடும் சமையல் சோடாவும் அப்படியே.

சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ரத்தத்தின் அளவு கூடும், குழாயின் சுவரில் அழுத்தம் ஏறும். சின்ன வயதில் சிறுநீரகம் வேண்டாததை மளமளவென்று வெளியே தள்ளிவிடும். வயது ஏற ஏற அந்த வேலை மந்தமாகிறது. "காலேஜ் படிக்கும்போது ஊறுகாயை அப்படியே சாப்பிடுவேன், ஒண்ணும் ஆகலையே" என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் இல்லை.

தரிசனம் முடிந்து பிரசாதம். தொன்னையில் புளியோதரை. வாயில் போட்டதும் புளிப்பு, அதன் பின்னாலேயே நல்லெண்ணெய், மென்று விழுங்கும்போது தொண்டையில் மெல்லிய காரம். உப்பைத் தேட நாக்குக்கு நேரமே இல்லை. என் கணவர் தொன்னையின் மடிப்பில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார். வீட்டில் இதையே நான் செய்து வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. "பக்திதான் உப்பு" என்றார் மாமியார். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி மடைப்பள்ளியின் கைப்பக்குவம். புளியும் எண்ணெயும் அளவறிந்து விழுந்தால் உப்பு வராததை நாக்கு மன்னித்துவிடுகிறது.

இருந்தாலும் உப்பைக் குறைப்பது நமக்கு லேசில் வரும் காரியமா? புது வீட்டுக்கு முதலில் எடுத்துப்போவது உப்பும் மஞ்சளும். வெள்ளிக்கிழமை கல் உப்பு வாங்கினால் லட்சுமி வருவாள். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுக்க மாட்டோம். கண் பட்டால் உப்பைச் சுற்றிப் போடுவோம். அதே ரயில் பாதையில் இருக்கும் வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர உப்பும் மிளகும் செலுத்துகிறார்கள். "சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கறே?" என்பதைவிடச் சுருக்கென்று தைக்கும் கேள்வி நம் பேச்சில் உண்டா? 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்கள் இந்தக் கும்பகோணத்தின் வழியாகத்தான் போனார்கள். ஒரு பிடி உப்புக்காக ஜெயிலுக்குப் போனவர்களின் பேரன் பேத்திகளிடம் "உப்பைக் குறை" என்றால் முறைக்கத்தான் செய்வார்கள்.

திரும்பி வந்ததும் சமையலறையில் ஒரு காரியம் செய்தேன். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் பத்தியக் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டு, மொத்தக் குழம்பிலேயே குறைத்தேன். தனிக் கிண்ணம் ஒரு மனிதனை நோயாளியாக்கிவிடும். பக்கத்து இலையைப் பார்த்து ஏங்குகிறவர் ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பார். எல்லோருக்கும் ஒரே குழம்பு என்றால் முணுமுணுப்பு இருக்கும், ஏக்கம் இருக்காது. பொரியலை இறக்கும்போது உப்பைத் தூவினால் கொஞ்சம் போட்டாலே நாக்கில் தெரிகிறது. எலுமிச்சம்பழமும் மிளகும் கொத்தமல்லியும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் வயதில் சோடியம் ஒரேயடியாக இறங்கிப்போவதும் ஆபத்து என்பதால் அவருக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் வைத்தால் ஒரு கிலோ உப்பு பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். வெளியே ஒன்றுமே தின்னாமல் இருந்தால் இந்தக் கணக்கு. எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் புது பாக்கெட். திருஷ்டி கழிக்கும் கல் உப்பை இதில் சேர்க்கவில்லை, அது தனி டப்பா.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து யோசனைகள் வந்து குவிந்தன. இந்துப்புக்கு மாறு என்றார் நாத்தனார். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அயோடின் சேர்க்காத வகை என்றால் அயோடின் கிடைக்கும் லாபமும் போயிற்று. சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு கடையில் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது. ரத்த அழுத்த மாத்திரைகளிலேயே சில, உடம்பில் பொட்டாசியத்தைத் தேங்கவைக்கும். எங்கள் வீட்டில் ஓடுவது அந்த வகை மாத்திரை என்பதால் அந்த உப்பு கடையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நார்த்தங்காய் ஒன்றுதான் இன்னும் தீராத விவகாரம். சுருள் சுருளாக நறுக்கி, உப்பில் ஊறவைத்து, மொட்டை மாடியில் காயவைத்து மாமியார் போட்டது. ஜாடியைத் திறந்தால் மேலே உப்பு பூத்திருக்கும். தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு என்பது கணவர் கட்சி, வாரத்துக்கு ஒரு துண்டு என்பது என் கட்சி. "தண்ணில அலசிட்டுக் குடுத்தா என்னம்மா?" என்று மாமியார் நேற்று ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். அலசினால் உப்போடு நார்த்தங்காயும் போய்விடும் என்று மகன் ஏற்கவில்லை.