முதல் விரிசலுக்கு இடம் கொடுங்கள்

செஞ்சியில் சித்திரை வெயில் பாறையோடு சேர்ந்து அடிக்கும். பகலெல்லாம் காய்ந்த ராஜகிரிக் குன்றும் கிருஷ்ணகிரிக் குன்றும் இருட்டிய பிறகும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். கோட்டை பார்க்க வரும் உறவுக்காரர்கள் மலையேறி இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது ஜில்லென்று ஒரு சர்பத். வீட்டுக்காரம்மா பிரீசரைத் திறக்கிறார். ஐஸ் தட்டு பனியோடு பனியாக அடியில் ஒட்டிக் கிடக்கிறது. இழுத்துப் பார்க்கிறார், ஆட்டிப் பார்க்கிறார், கடைசியில் காய் நறுக்கும் கத்தியை எடுத்து அடியில் விட்டு நெம்புகிறார்.

அந்தக் கத்தி எங்கே படுகிறது என்பது நமக்குத் தெரியும். ஒற்றைக்கதவு பிரிட்ஜ்கள் பலவற்றில் பிரீசரின் உட்சுவரே குளிர்விக்கும் தகடு. இரண்டு அலுமினியத் தகடுகளை ஒன்றாக உருட்டி ஒட்டி, நடுவில் வாயு ஓடும் பாதையை ஊதி எழுப்பிய மெல்லிய பெட்டி அது. கத்தி நுனி ஒருமுறை வழுக்கினால் போதும், துளை விழுந்து வாயு வெளியேறிவிடும். இப்போது வரும் பிரிட்ஜ்கள் பலவற்றில் அந்த வாயு ஆர்600ஏ. அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. ‘கேஸ் போயிடுச்சும்மா’ என்று மெக்கானிக் சொல்லும்போது வீட்டுக்காரம்மா தன்னைத்தான் நொந்துகொள்கிறார். நொந்துகொள்ள வேண்டியவர்கள் தட்டை வரைந்த நாம்.

தட்டு வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குழியிலிருந்து ஐஸ் வெளிவருவதை மட்டுமே பேசுகிறோம். நம் வீடுகளில் விடுபட வேண்டியவை இரண்டு: பிரீசரிலிருந்து தட்டு, தட்டிலிருந்து ஐஸ். இரண்டிலும் நாம் செய்துவரும் தவறு ஒன்றே. வடிவமைப்பு செய்ய வேண்டிய வேலையை மணிக்கட்டின் பலத்திடம் தள்ளிவிடுகிறோம்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறு எளிதில் நேரும். அதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி, கேவிட்டிச் சுவரிலிருந்து தானே விலகுகிறது. அச்சின் உள்ளே நிற்கும் கோர் பகுதியைப் பிடித்துக்கொண்டாலும் எஜெக்டர் பின் தள்ளிவிடும். அதனால் ஒன்று, இரண்டு டிகிரி டிராஃப்ட், அதாவது சுவர்ச் சரிவு, கொடுத்துப் பழகிவிட்டோம். தண்ணீரின் சுபாவம் நேர்மாறு. உறையும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, சுவரை நெருக்கிக்கொண்டு உட்காருகிறது. பின்னாலிருந்து தள்ள பின்னும் கிடையாது. நம் அச்சிலிருந்து தட்டு வெளியே வரப் போதுமான சரிவு, அந்தத் தட்டிலிருந்து ஐஸ் வெளியே வரப் போதாது. வரைபடம் போடும்போது தட்டை அச்சில் வார்த்த பொருளாகப் பார்ப்பதோடு, அதுவே இன்னொரு வார்ப்புக்கு அச்சு என்றும் பார்க்க வேண்டும்.

சுவர் செங்குத்தாக இருந்தால் பருக்கும் பனி பக்கவாட்டில் நெருக்கும். சரிந்திருந்தால் அந்த நெருக்கத்தில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பும். அடிமூலை கூராக இருந்தால் பனி அங்கே கவ்விக்கொள்ளும். நல்ல ஆரம் கொடுத்து உருட்டிவிட்டால் ஒரு பக்கத்தை அழுத்தியதும் கட்டி புரண்டு மறுபக்கம் எழும்பும். குழிகளுக்கு நடுவில் தண்ணீர் பரவ வெட்டிவிடும் வாய்க்கால் ஆழமாக இருந்தால் எல்லாக் கட்டிகளும் ஒரே பாளமாகிவிடும். அது ஆழமில்லாமல் இருக்கட்டும். நிரப்பு மட்டத்துக்குக் கண்ணில் படும் ஒரு கோடும் இருக்கட்டும். வழிய வழிய ஊற்றிய தட்டில் எந்தச் சரிவும் பலிக்காது.

ஒட்டியதை விடுவிப்பதற்கு எவ்வளவு பலம் என்பதைவிட, பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதே முக்கியம். செஞ்சி வட்டாரத்துக் கல் உடைப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையை அவர்கள் கண்டபடி அடிப்பதில்லை. ஒரே வரிசையில் சிறு குழிகள் போட்டு, ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். முதல் விரிசல் விழுந்ததும் மீதியைக் கல்லே பார்த்துக்கொள்கிறது. பனி ஒட்டுவதை ஆராய்பவர்களும் இந்தத் திசையில்தான் போகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அனீஷ் துதேஜாவின் குழு 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, விரிசல் எளிதாக ஓடும் பரப்புகளைப் பற்றியது. அப்படிப்பட்ட பரப்பில் பனி ஓரளவுக்கு மேல் அகலமாகிவிட்டால், அகலம் கூடக் கூட இழுவிசை கூடிக்கொண்டே போவதில்லை. விமான இறக்கைக்கும் காற்றாலைக்கும் பயன்படும் ஆய்வு அது. அதன் பாடம் நம் தட்டுக்கும் பொருந்தும்: விரிசலைத் தொடங்கிவிடு, பிறகு ஓடவிடு.

முன்னோடிகள் இதைக் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டவர்கள். போஸ்டன் ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களை பிரடெரிக் டியூடரின் கம்பெனி கப்பலில் கொண்டுவந்து, 1842இல் கட்டிய சென்னை ஐஸ் ஹவுஸில் அடுக்கிவைத்த காலத்தில், ஐஸை உடைப்பதுதான் வேலை. விடுவிக்கும் கேள்வி, வீட்டிலேயே உறையவைக்கும் பெட்டி வந்த பிறகு எழுந்தது. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாயிட் கோப்மேன், தன் ரப்பர் பூட்ஸில் உறைந்த சேறும் பனியும் நடக்க நடக்கத் தானே உதிர்வதைக் கவனித்து ரப்பர் தட்டு செய்தார். 1933இல் கை டிங்கம் வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுத் தட்டு செய்தார். இரு பக்கமும் 5 டிகிரி சரிவு. தட்டைப் பக்கவாட்டில் வளைத்தால் கட்டிகள் பிரிந்து மேலே எழும்பும். ரப்பர், எஃகு எனப் பொருள் வேறானாலும் இருவரும் செய்தது ஒன்றுதான். தட்டின் சுவரை அசையவைத்து, ஒரு ஓரத்தில் பிரிவைத் தொடங்கினார்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே மனதில் வைக்க வேண்டும். சாதாரண ஹோமோபாலிமர் பாலிப்ரொப்பிலீன் அறை வெப்பத்தில் நன்றாக வளையும். பிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கண்ணாடிபோல் விறைத்துவிடும். கடையில் முறுக்கிப் பார்த்து வாங்கிய தட்டு வீட்டில் முறுக்கியதும் மூலையில் கீறல் விடுவது இதனால்தான். இம்பாக்ட் கோபாலிமரோ, குறை அடர்த்தி பாலிஎத்திலீனோ அந்தக் குளிரிலும் வளைந்துகொடுக்கும். கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க ஹோமோபாலிமரில் வார்ப்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். உணவுத் தொடர்புக்கான ஐ.எஸ். 10910, ஐ.எஸ். 10146 தரங்களுக்கு உட்பட்ட பொருள்தானா என்று பார்ப்பது அடிப்படைக் கடமை. மறுசுழற்சிக் கழிவைக் கலந்து வார்த்த தட்டில் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரை உறையவைக்கக் கூடாது.

குளிரக் குளிர பாலிப்ரொப்பிலீன் பனியைவிட ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குகிறது. ஆழ்ந்து குளிர்ந்த தட்டு கட்டியை இன்னும் இறுக்கிப் பிடிப்பது அதனால்தான். தட்டின் முதுகைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் பிளாஸ்டிக் முதலில் சூடேறி விரிகிறது, பிடி தளர்கிறது, பனியின் மேற்பரப்பில் நூலளவு உருகுகிறது. 2.5 சென்டிமீட்டர் கட்டி ஒன்றின் எடை சுமார் 14 கிராம். அதை முழுதும் உருக்க 4,800 ஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும். சுவரைத் தொடும் ஐந்து முகங்களிலும் 0.05 மில்லிமீட்டர் மட்டும் உருக்க ஏறத்தாழ 48 ஜூல் போதும். நூற்றில் ஒரு பங்கு. தட்டின் முதுகில் தண்ணீர் தங்கி ஓடும்படி குழிகளுக்கு இடையே வழி விட்டால், சில விநாடிகளில் கட்டி கழன்றுவிடும். குடத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்க முடியாது. அரைச் சொம்புத் தண்ணீரில் வேலை முடிய வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். செஞ்சி போன்ற கருங்கல் பூமியில் போர் தண்ணீரைத்தான் பல வீடுகள் நம்பியிருக்கின்றன. கடினமான அந்தத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு விடும். சில மாதம் புழங்கிய தட்டின் குழியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீர் மட்டம் நின்ற இடத்தில் வெண்மையாக ஒரு வளையம்; தடவினால் சொரசொரப்பு. அதைப் போக்கக் கம்பி நாரால் தேய்த்த கீறல்கள் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். படிவின் துளைகளிலும் கீறல்களின் பள்ளத்திலும் தண்ணீர் புகுந்து உறைந்தால், பனிக்கு அத்தனையும் வேர். புதிதில் தட்டியதும் விழுந்த ஐஸ் ஆறு மாதத்தில் அடம்பிடிக்கிறது என்றால், இந்தச் சொரசொரப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதனால் அச்சின் உட்பரப்பு கண்ணாடிப் பாலிஷில் இருக்கட்டும். குழிக்குள் கம்பெனிப் பெயரும் பூவேலையும் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றி ஊறவைத்தால் படிவு கரையும், நார் போட வேண்டாம் என்பதை அட்டையில் தமிழில் அச்சிடுங்கள். அந்த ஒரு வரி தட்டின் ஆயுளைக் கூட்டும்.

இனி அடிப்பாகம். பனி படியாத பிரீசருக்காக வரைந்த தட்டை அப்படியே நகலெடுத்து இங்கே விற்கிறோம். நம் ஒற்றைக்கதவு பிரிட்ஜில் பனி படியும். கரண்ட் போனால் கொஞ்சம் உருகும். வந்தால் மறுபடி உறையும். உருகிய தண்ணீர் தட்டுக்கடியில் வழிந்து நின்று பசையாகிவிடுகிறது. தட்டுக்குக் கால் வைத்து உயர்த்தினால் ஒட்டும் பரப்பு குறையும். ஆனால் குளிர்த்தகட்டை நேரே தொடாததால் உறைய நேரம் கூடும். மதியம் ஊற்றி மாலையில் எடுக்க நினைக்கும் வீட்டுக்கு அது இடைஞ்சல். என் பரிந்துரை வேறு. அடி தட்டையாகவே இருந்து தகட்டைத் தொடட்டும். முன்விளிம்பின் அடிப்பாகம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். விரல் நுழையும் பிடியும் அங்கேயே இருக்கட்டும். பிடியைத் தூக்கினால் இழுவை மொத்த அடிப்பரப்பிலும் ஒரே நேரத்தில் விழாமல், முன்விளிம்பில் குவிந்து அங்கிருந்து உரிந்துகொண்டு போகும். இதற்குத் தனிப் பாகமோ கூடுதல் பிளாஸ்டிக்கோ பெரிதாகத் தேவையில்லை. அச்சில் ஒரு வளைவு, அவ்வளவுதான்.

சோதனை முறையையும் மாற்ற வேண்டும். புதுத் தட்டில் வடிகட்டிய தண்ணீர் ஊற்றி, பனி படியாத பிரீசரில் வைத்து, பட்டறையில் இருக்கும் இளைஞர் முறுக்கிப் பார்த்து ‘ஓகே’ போடுவது சோதனை ஆகாது. போர் தண்ணீரில் பலமுறை உறையவைத்துக் காயவிட்டுப் பழக்கப்படுத்திய தட்டு வேண்டும். பனி மண்டிய பழைய பிரீசர் வேண்டும். நடுவில் சில மணி நேரம் கரண்டை நிறுத்த வேண்டும். பிறகு கட்டி விடுபடும் விசையை ஸ்பிரிங் தராசு வைத்தாவது அளந்து குறிக்க வேண்டும். முட்டியும் மணிக்கட்டும் வலிக்கும் வயதில் இருப்பவர் ஒரு கையால் எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கிண்டியில் 1968 முதல் இயங்கும் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட் போன்ற இடத்தில் படித்து வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறோம். இந்தச் சோதனைக்கு வேண்டிய அறிவும் கருவியும் நம்மிடம் இருக்கின்றன. சின்னப் பொருள்தானே என்ற அலட்சியம் மட்டும்தான் குறுக்கே நிற்கிறது.

கத்தி, தோசைத் திருப்பி, ஸ்பூன் காம்பு என்று வீட்டில் எது கையில் கிடைத்தாலும் அதை வைத்து நம் வடிவமைப்பின் குறையை இட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. அடுத்த தட்டுக்கு வரைபடம் போடும்போது அளவு, டிராஃப்ட், சுவர்த் தடிமன் ஆகியவற்றோடு இரண்டு அம்புக்குறிகளையும் சேருங்கள்: தட்டு பிரீசரை விட்டுப் பிரியத் தொடங்கும் புள்ளி ஒன்று, ஐஸ் குழியை விட்டுப் பிரியத் தொடங்கும் புள்ளி ஒன்று. அந்த இரண்டும் எங்கே என்று சொல்ல முடியாத வரைபடத்துக்கு எஃகு வெட்டாதீர்கள்.