டயரின் ஆயுளும் நம் கடமையும்

புதிய டயர் வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் முதற்கண் வினவும் வினா, "இஃது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதே. 40,000 என்பார் ஒருவர். 50,000 என்பார் மற்றொருவர். இவ்விடைகள் பொய்யல்ல, ஆயினும் முழு உண்மையும் அல்ல. ஒரே ஆலையில் ஒரே நாளிற் செய்யப்பட்ட இரு டயர்களுள் ஒன்று நெடிது உழைக்க, மற்றொன்று அதிற் பாதித் தொலைவும் செல்லுமுன் தேய்ந்தொழிதல் உண்டு. ஆதலின், டயரின் ஆயுளிற் பாதியே அதனைச் செய்தோர் கையில் உள்ளது; எஞ்சிய பாதி அதனை ஆள்வோர் கையில் உள்ளது என்பது என் துணிபு.

செய்தோர்க்குரிய பங்கை முதலிற் காண்போம். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்க் கரித்தூள் சேர்த்ததனால் ரப்பர் தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றல் மிகப் பெற்றது. டயர் கரிய நிறங்கொண்டதும் அதனாலேயே. எனினும், மென்மையான ரப்பர் சாலையை நன்கு பற்றும், விரைவில் தேயும். வன்மையானது நெடுநாள் உழைக்கும், பற்றுக் குறையும் என்னும் இயல்பு பெரும்பாலும் இன்றும் மாறிற்றிலது. ஆதலின், விரைந்து தேய்வன எல்லாம் பொல்லாத டயர்கள் அல்ல.

இனி நம் பங்கு. டயருக்கு உயிர் காற்று. காற்றுக் குறைந்த டயர் தன் இரு ஓரங்களிலும் தேயும். மிகுந்தது நடுவில் தேயும். இவ்விரண்டனுள் குறைவே பெருங்கேடு. ஏனெனில், காற்றுக் குறைந்த டயரின் பக்கங்கள் சுழற்சிதோறும் மிகுதியாக மடிந்து விரிகின்றன. அதனால் வெப்பம் மிகும். மிக்க வெப்பம் ரப்பரையும் அதனுள் அமைந்த இழைகளையும் பிரித்துவிடும். "கோடையில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது" என்று அறிந்தோர்போற் கூறுவோர் நம்மிடையே பலர். வெடிப்பைத் தடுப்பதாக எண்ணி இவர்கள் வெடிப்புக்கே வழிசெய்கின்றனர். வண்டியின் கதவோரத்திற் குறித்துள்ள அளவை நோக்கி, வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றை அளந்து பார்த்தலே நெறி. ஓட்டையில்லாத டயரிலும் சிறிது சிறிதாகக் காற்றுக் கசியுமாதலின், மாதம் ஒருமுறையேனும் இதனைச் செய்தல் வேண்டும்.

சக்கரங்களின் நேர் பிறழ்ந்தால் டயரின் ஒரு பக்கம் மட்டும் தேயும். ஆழ்ந்த குழியில் ஒருமுறை விழுந்தெழுந்தாலும் நேர் பிறழக்கூடும். அதிர்வுதாங்கிகள் கெட்டால் ஆங்காங்கே பள்ளமாகத் தேயும். முன்சக்கரங்களே இழுத்தும் திரும்பியும் உழைக்கும் கார்களில் முன் டயர்கள் முந்தித் தேயும். அதனால் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அவற்றை முன்பின்னாக மாற்றி இடுவர். மின்சாரக் கார்கள் மின்கலத்தின் பாரத்தாலும், எடுத்தவுடன் பாயும் விசையாலும் டயரை விரைந்து தேய்க்கின்றன. மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தைத் தேர்வில் எழுதும் நாம், ஐவர் அமரும் காரில் எண்மரை அடைக்கும்போது அதனை நினைப்பதில்லை. ஆலையைப் பழிக்குமுன் டயர் தேய்ந்த விதத்தை நோக்குக. அது தன் கதையைத் தானே சொல்லும்.

நிற்க. தேயாமலே மூப்படையும் டயரும் உண்டு. ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு மட்டும் செல்லும் கார் ஒன்றை எண்ணுக. பத்தாண்டு கழிந்தும் அதன் பட்டன் புதிதுபோல் நிற்கும். ஆயினும், வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை வறளச்செய்து மயிரிழை போன்ற வெடிப்புக்களை உண்டாக்கியிருக்கும். டயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைக் கூறும். 2319 எனின், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்க. பட்டன் எவ்வளவு இருப்பினும் பத்தாண்டு கடந்த டயரைக் கழித்துவிடுக என்பது டயர் செய்வோர் பலரின் அறிவுரை.

"டயரின் விலையறியாத மாணவன் எழுதுகிறான்" என்று சிலர் நகைக்கக்கூடும். விலையை யானும் அறிவேன். புதிய கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், அது 1.6 மில்லிமீட்டருக்குக் குறையின் சாலையில் ஓட்டலாகாது என்பது விதி. மழைநீரை ஒதுக்கித் தள்ளுவது அப்பள்ளமே. அஃதின்றேல் சக்கரம் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கும். வழுக்கை டயரால் மிஞ்சும் பணம் வண்டியின் உடையவரைச் சேரும். அதனால் வரும் இடரோ கூலிக்கு ஓட்டுபவரையும், உள்ளிருப்போரையும், வழிநடப்போரையும் சேரும். பிறர் உயிரை ஈடுவைத்துச் செய்யும் சிக்கனம் சிக்கனமாகுமா?

சென்ற ஆண்டு எம் வகுப்பினர் உலாச் செல்ல வாடகை வேன் ஒன்றை அமர்த்தினோம். வாடகையை நெடுநேரம் பேசிக் குறைத்தோம். டயரை ஒரு நொடியும் பார்த்திலோம். வழியில் தேநீருக்கு இறங்கியபோதே, முன் டயர் ஒன்று உள்நூல் தெரியும்படி ஒருபக்கம் தேய்ந்திருக்கக் கண்டோம். ஓட்டுநரை வினவினோம். "மூன்று மாதமாகச் சொல்லி வருகிறேன், தம்பி, முதலாளி அடுத்த மாதம் என்கிறார்" என்றார். மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி மெல்லத் திரும்பினோம். ஏதமொன்றும் நேர்ந்திலது. நேர்ந்திருப்பின், பழி முழுவதும் அவ்வேழை ஓட்டுநர் தலையிலேயே விழுந்திருக்கும். வாடகையைக் குறைத்த எமக்கும் அதிற் பங்குண்டு என்பதை எவரும் எண்ணியிரார்.

ஆதலின் என் வேண்டுகோள் இதுவே: இக்கல்லூரியிலிருந்து எவ்வுலாவுக்குப் புறப்படினும், மாணவர் இருவர் வண்டியின் டயர்களை முன்னரே நோக்குக. காற்று, பட்டன், வெடிப்பு, பிறந்த ஆண்டு ஆகிய நான்கையும் காணக் கால்மணி நேரம் போதும். குறை காணின் வேறு வண்டி கேட்போம். அதற்குரிய வாடகையையும் முணுமுணுக்காமற் கொடுப்போம். பிறரன்பைப் போதிக்கும் கல்லூரியிற் பயிலும் நமக்கு, அவ்வன்பு வாயிலில் நிற்கும் வண்டியின் சக்கரத்திலேயே தொடங்கலாமன்றோ!