பைக் ரிம்முல கார் டயர்: மிச்சம் மாசம் 84 ரூபாய்கூட இல்ல

சேனல்ல டூவீலர் செலவுக் கணக்கு போட ஆரம்பிச்சதிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. அமெரிக்காவுல ஒருத்தர் வீட்டு ஷெட்லயே பைக்கோட பின் வீலைக் கழட்டி, அதுல கார் டயரை மாட்டுறார். பைக் டயரைவிட விலை கம்மி, பல மடங்கு ஓடும்னு சொல்றார். நாமளும் பண்ணலாமா, பண்ணினா எவ்வளவு மிச்சம்னு கேக்குறீங்க.

பண்ணாதீங்க. பதில் அவ்வளவுதான். ஆனா "ரிஸ்க்கு ப்ரோ, வேணாம்"னு சொல்லிட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. அந்த ஆளுங்க முட்டாள்கள் இல்ல, அவங்க கணக்கு அவங்க ஊருக்கு ஓரளவு நிக்குது. நம்ம ஊருல அது ஏன் நிக்காதுங்கறதைப் பார்த்தா, டயருக்கு மட்டும் இல்ல, "சேமிப்பு"ன்னு சொல்லி நாம பண்ற வேற சில வேலைகளுக்கும் பதில் கிடைக்கும்.

அவங்களை அங்க "டார்க்சைடர்"னு கூப்பிடுவாங்க, இருட்டுப் பக்கம் போனவங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் ஹோண்டா கோல்டு விங் மாதிரி பெரிய டூரிங் பைக் வச்சிருக்கவங்க. 2001ல வந்த ஜிஎல்1800 கோல்டு விங்குல 1,832 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜின். வண்டி எடை 400 கிலோவை ஒட்டி. அதுமேல ரெண்டு பேர், மூணு பெட்டி லக்கேஜ். இதோட நூல் பிடிச்ச மாதிரி நேரா போற ஹைவேல ஒரே நாள்ல பல நூறு மைல். இப்படி ஓட்டினா பின் டயரோட நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேஞ்சு தட்டையாகிடும். அந்த வண்டியோட பின் டயர் அளவு 180/60 ஆர்16. பதினாறு இன்ச் ரிம்ங்கறதால கார் கடையில கிடைக்கிற 195/55 ஆர்16 அதுல உக்காந்துக்குது. இந்த ஒரு தற்செயல்லதான் கதையே ஆரம்பிச்சது.

சும்மா ஒரு கணக்குக்கு எடுத்துக்குவோம். பைக் டயர் 250 டாலர், 12,000 மைல் ஓடும். கார் டயர் 150 டாலர், 30,000 மைல் ஓடும். வருஷத்துக்கு 15,000 மைல் ஓட்டுறவருக்கு பைக் டயர்னா 312 டாலர் செலவு, கார் டயர்னா 75 டாலர். வருஷம் 237 டாலர் மிச்சம். அதோட, அங்க ஒரு டயரை மாத்திக் குடுக்கக் கடைக்காரர் வாங்குற கூலியும் கொஞ்சநஞ்சம் இல்ல. ரிட்டயர் ஆகி, வருஷம் பூரா நாட்டைச் சுத்துற ஒருத்தருக்கு இது பெருசாத்தான் தெரியும்.

லோடு விஷயத்துலயும் அவங்க பக்கம் ஒரு பாயின்ட் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. டயர் பக்கவாட்டுல அளவுக்கு அடுத்து ஒரு நம்பர் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 74னா 375 கிலோ, 87னா 545 கிலோ. இந்த மாதிரி 16 இன்ச் கார் டயர், பைக் டயரைவிட அதிக எடை தாங்கும். "நாங்க பலவீனமான டயரைப் போடல, பலமான டயரைத்தான் போடுறோம்"னு அவங்க சொல்றது இதை வச்சுத்தான்.

சரி, அப்புறம் என்ன பிரச்னை? பைக் சாயும், கார் சாயாது. அதுதான் பிரச்னை. பைக் டயரைக் குறுக்கா வெட்டிப் பார்த்தா பிறை மாதிரி வளைஞ்சு இருக்கும். வளைவுல வண்டியைச் சாய்க்கும்போது ரோட்டைத் தொடுற இடம் நடுவுல இருந்து ஓரத்துக்கு வழுக்காம, விட்டு விலகாம நகர்ந்து போகும். கார் டயர் பெட்டி மாதிரி தட்டை. சாய்ச்சா ஒரு பக்கம் தூக்கும், இன்னொரு பக்கத்து ஓரம் மட்டும் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பக்கச் சுவர் மடங்கிக் குடுத்துதான் அந்தப் பிடியே கிடைக்குது. வண்டி நிமிரப் பாக்கும், ஓட்டுறவர் ஹேண்டில்பாரை விடாம அழுத்திக்கிட்டே இருக்கணும். வருஷக்கணக்குல ஓட்டிப் பழகினவங்க "கை பழகிடுச்சு"ன்னு சொல்றாங்க. பழகியும் இருக்கலாம். திடீர்னு நாய் குறுக்க வர்ற நேரத்துக்கும் சேர்த்துப் பழகியிருக்கான்னு நாய் வந்தாத்தான் தெரியும்.

ரெண்டாவது, ரிம்மும் டயரும் சேர்ற இடம். டயரோட உள் விளிம்புல கம்பி வச்ச பகுதிக்கு "பீட்"னு பேரு. அது உக்கார்ற இடத்தோட வடிவம் கார் ரிம்முக்கு ஒரு ஸ்டாண்டர்டு, பைக் ரிம்முக்கு வேற ஸ்டாண்டர்டு. இன்ச் ஒண்ணா இருந்தா பொருந்தும்னு அர்த்தம் இல்ல. கார் டயரை பைக் ரிம்முல ஏத்தும்போது பீட் லேசுல உக்காராது. அப்போ கம்ப்ரஸரை வச்சு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு காத்து ஏத்துவாங்க. பல கார் டயர்ல பக்கவாட்டுலயே எழுதியிருக்கும்: பீட் உக்கார வைக்க 40 பி.எஸ்.ஐ.க்கு மேல போகாதேன்னு. அதைத் தாண்டி ஏத்தும்போது பீட் கம்பி அறுந்தா, பக்கத்துல குனிஞ்சு பாத்துட்டிருக்கிற ஆளோட கை, முகம் ரெண்டுக்கும் கேரன்டி இல்ல. கடையில அனுபவசாலிங்க டயர்ல காத்து ஏத்தும்போது கொஞ்சம் தள்ளி நிக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? காரணம் அதுதான்.

இதையெல்லாம் ஏன் வீட்டுல பண்றாங்கங்கறதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமான விஷயம். கூலி மிச்சம் ஒரு காரணம். இன்னொண்ணு, அங்க பல கடைங்க இந்த வேலையைத் தொடவே மாட்டேங்குறாங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்டுல நிக்கணுமேன்னு பயம். பைக் கம்பெனியும் கூடாதுங்குது, டயர் கம்பெனியும் கூடாதுங்குது. தினம் இருபது டயர் மாத்துறவரே "காசு குடுத்தாலும் வேணாம்"னு சொன்னா, அதுவும் ஒரு விலைதான். அந்த ரிஸ்க்குக்கு மார்க்கெட் போட்ட விலை. வீட்டு ஷெட்ல பண்றப்போ அந்த விலை காணாமப் போகல, பில்லுல வராம உங்க பேருக்கு மாறிடுச்சு, அவ்வளவுதான். கேரன்டி வட்டின்னு எவனாவது 24 சதவீதம் தர்றேன்னு சொல்லும்போது பேங்க் ஏன் தரலன்னு கேக்குறோம்ல, அதே கேள்விதான் இங்கயும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

முதல்ல, பொருந்தவே பொருந்தாது. நம்ம கம்யூட்டர் பைக்கோட பின் டயர் 80/100-18, 100/90-17 இந்த மாதிரி ஒல்லி டயர். ஆல்டோ 800ல வந்த சின்ன டயரே 145/80 ஆர்12. அகலம் 145 மில்லிமீட்டர். பன்னெண்டு இன்ச்னு சொன்னதும் "அப்போ ஸ்கூட்டருக்குப் போடலாமே"ன்னு யாராவது கேப்பாங்க. ஸ்கூட்டர் ரிம்மோட அகலத்துக்கு அந்த டயர் உக்காராது, உக்கார வச்சாலும் மட்கார்டும் இன்ஜினும் உரசும். பி.ஐ.எஸ். தரமே ரெண்டுக்கும் தனித்தனி: டூவீலர், த்ரீவீலர் டயருக்கு ஐ.எஸ். 15627, கார் டயருக்கு ஐ.எஸ். 15633.

பொருந்துதுன்னே வச்சுக்குவோம். காசு எவ்வளவு மிச்சம்? பின் டயர் 2,800 ரூபாய், 25,000 கிலோமீட்டர் ஓடும்னு எடுத்துக்கோங்க. கிலோமீட்டருக்கு 11 பைசா சொச்சம். ஆபீஸ், வீடு, வாரக்கடைசி எல்லாம் சேர்த்து வருஷம் 9,000 கிலோமீட்டர் ஓட்டினா டயர் செலவு 1,008 ரூபாய், மாசம் 84. டயரைச் சும்மாவே குடுத்தாலும் உங்களுக்கு மிச்சம் அந்த 84தான். அதே 9,000 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 45 மைலேஜ்னா 200 லிட்டர் பெட்ரோல். நூத்தி ஒரு ரூபாய்னு போட்டா 20,200. டயரைப் போல இருபது மடங்கு. காத்து குறைவா இருந்து மைலேஜ் மூணு சதவீதம் அடிவாங்கினாலே 600 ரூபாய் போச்சு. சேமிக்கணும்னு தோணினா டயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்குல காத்து பிடிக்கிற இடத்துல வண்டியை நிறுத்துங்க, ரெண்டு நிமிஷ வேலை.

"கார் டயர் வேணாம் ப்ரோ, பைக் டயரையே வீட்டுல மாத்திக்கிறேன்"னு சொல்றவங்களும் உண்டு. கத்துக்கணும்னு ஆசையா இருந்தா தாராளமா பண்ணுங்க, நல்ல வேலை அது. வால்வ் ஊசியைக் கழட்டிக் காத்தை முழுசா விட்டு, பீட்டை ரிம்முல இருந்து பிரிச்சு, எதிர்ப்பக்கத்து பீட்டை ரிம்மோட நடுப் பள்ளத்துல கால் முட்டியால அமுக்கி வச்சுக்கிட்டா லீவர் சுலபமா ஏறும். பலத்துக்கு அங்க வேலை கம்மி, அந்தப் பள்ளம்தான் சூட்சுமம். ஆனா சேமிப்புன்னு சொல்லாதீங்க. பீட் பிரிக்கிற கருவி, லீவர், ரிம் கீறாம இருக்க கார்டு, பேலன்ஸ் ஸ்டாண்டு, கம்ப்ரஸர், டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்ந்து 8,000 ரூபாய்னு வச்சுப்போம். கடையில ஒரு டயருக்குக் கூலி 200. போட்ட காசு திரும்ப வர 40 டயர் மாத்தணும். பின்னாடி 25,000, முன்னாடி 35,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னா, 40 டயர் தேய உங்களுக்கு 65 வருஷம் ஆகும். பேரன் வண்டிக்கும் சேர்த்து மாத்திக் குடுக்கலாம்.

ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் மட்டும் விதிவிலக்கு. சில நூறு ரூபாய், சீட்டுக்கு அடியில அடங்கிடும். ராத்திரி பதினோரு மணிக்கு ஓ.எம்.ஆர். ஓரத்துல வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போற நிலைமை வராது. ரெண்டு மூணு பஞ்சர்லயே காசு வசூல்.

எனக்கு உண்மையான கவலை கார் டயர் இல்ல. அதை இங்க யாரும் போடப் போறதில்ல. அதே புத்தி இங்க வேற உருவத்துல இருக்கு. நாப்பதாயிரத்துக்கு போன் இ.எம்.ஐ. ஓடிட்டிருக்கும், பைக்ல மொட்டை டயர். "அடுத்த மாச சம்பளம் வரட்டும்"னு ஐப்பசி மழையிலயும் அதுலயே வேளச்சேரி மேம்பாலம் ஏறுவாங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 94வது விதி டூவீலருக்குக் குறைஞ்சபட்ச பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டர்னு சொல்லுது, காருக்கு 1.6. இதை அளக்க ஸ்கேல் வேண்டாம். டயர் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், அந்த மேட்டோட பட்டன் சமமாகிட்டா டயர் காலி. தண்ணியை ஒதுக்கித் தள்ளப் பள்ளமே இல்லன்னா ஈர ரோட்டுல பிரேக் பிடிச்சதும் சறுக்கல்தான்.

இன்னொரு கூட்டம், கம்பெனி 100 அகலம் குடுத்தா கெத்துக்கு 140 போடுறவங்க. இதுல சேமிப்பும் இல்ல. டயர் விலை கூட, மைலேஜ் கம்மி, ஒல்லி ரிம்முல டயர் இறுக்கப்பட்டு வளைவே மாறிப்போகும், சில வண்டியில செயின் உரசும். காசு குடுத்து வண்டியைக் கெடுக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல வழி இல்ல. புதுப்பேட்டையில பழைய டயர் வாங்குறதும் என் கணக்குல இதே ரகம்தான். கதவு, கண்ணாடி, சைலன்ஸர் பழசு வாங்குங்க, நானும் வாங்குவேன். டயர் வேண்டாம். உள்ள நூல் அறுந்திருக்கான்னு வெளியில பாத்துச் சொல்ல முடியாது.

இன்சூரன்ஸ் பக்கமும் ஒரு பார்வை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்துறதைப் பத்திப் பேசுது. கம்பெனிக்குச் சொல்லாம பண்ணின மாற்றம், ஓன் டேமேஜ் கிளெய்ம் நேரத்துல சர்வேயர் கையில ஒரு பிடி. கட்டாய பர்சனல் ஆக்ஸிடென்ட் கவர் 15 லட்சம். 27 வயசு, மாசம் 45,000 சம்பளம் வாங்குற ஒருத்தர் 60 வயசு வரைக்கும், இன்க்ரிமென்ட் ஒரு ரூபாய்கூட இல்லாம சம்பாதிச்சாலே 1 கோடியே 78 லட்சம். உங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்து எஸ்.ஐ.பி.யும் இல்ல, ஊர்ல இருக்கிற கால் கிரவுண்டும் இல்ல, இதுதான். இது தினமும் காலையில உள்ளங்கை அளவு ரெண்டு ரப்பர் துண்டு மேல நின்னுக்கிட்டு ஆபீஸ் போகுது. வீட்டுல அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் அதை நம்பித்தான் இருக்காங்க. அதுல மாசம் 84 ரூபாயை எப்படிக் குறைக்கலாம்னு யோசிக்கிற நேரத்துக்கு, டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தாச்சான்னு ஒரு தடவை பாத்துடலாம்.

டயருக்குன்னு மாசம் 150 ரூபாய் தனியா ஒதுக்குங்க, ஆர்.டி.லயோ தனி அக்கவுன்ட்லயோ. முன் டயருக்கும் அதுலயே வந்துடும். மாத்த வேண்டிய நாள்ல பர்ஸைப் பாத்து "அடுத்த மாசம்"னு தள்ள வேண்டியிருக்காது. கடைக்குப் போனா கம்பெனி மேனுவல்ல இருக்கிற அளவையே கேளுங்க, லோடு இண்டெக்ஸும் ஸ்பீடு எழுத்தும் அதுல இருக்கிறதைவிடக் குறையக் கூடாது. பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும்: 3524னு இருந்தா 2024ம் வருஷம் 35வது வாரம் தயாரிச்சது. ரொம்பப் பழைய தேதியா இருந்தா வேற எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, தயங்க வேண்டாம். அம்புக்குறி வீல் சுத்துற பக்கம் பாத்திருக்கான்னு பாருங்க, வால்வையும் புதுசாப் போடச் சொல்லுங்க. பில் வாங்கி அங்கயே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வாரன்டிக்கு அதைத்தான் கேப்பாங்க.