பாலுவின் படத்தை எங்கே மாட்டுவது?

எங்க ஊர்ப் பையன்கள் வருஷா வருஷம் ஆத்தங்கரைத் தரிசில் கிரிக்கெட் போட்டி நடத்துகிறார்கள். இந்தத் தடவை கோப்பைக்குப் பல்வங்கர் பாலு பேரை வைப்போம், மன்றத்தில் அண்ணல் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் மாட்டுவோம் என்றான் ஒருவன். சண்டை தொடங்கிவிட்டது. "அவரு அம்பேத்கரை எதுத்து எலெக்சன்ல நின்னவருலா? அவரு படம் இங்க எதுக்குவே?" கேட்டவர் இருபது வருஷமாய் இயக்கத்தில் இருக்கிற அண்ணன். நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டவேண்டும் என்பதே என் கட்சி.

பையன் கொண்டுவந்த படம் 1911-இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியின் படம். தலைவர் பாட்டியாலா மகாராஜா. அவர் ஆடியதைவிட விருந்துக்குப் போனது அதிகம். சாமர் சாதியில் பிறந்த பாலு எடுத்ததோ 114 விக்கெட். தம்பி சிவராமும் அதே அணியில். பார்சி, முஸ்லிம், பார்ப்பனர், நம்மாள் என்று எல்லாரும் ஒரே படத்தில்! பாரத ஒற்றுமை என்று காட்ட ஆதிக்க சாதிக்காரனுக்கு இதைவிட வசதியான படம் கிடைக்காது.

எங்க ஆச்சிக்கு இருக்கிற ஒரே படம் வாக்காளர் அட்டையில் உள்ளதுதான். அதனால் பழைய படம் ஒன்றில் நம்மாள் முகம் தட்டுப்பட்டால் நான் லேசில் விடுவதில்லை. அதில் என்ன இல்லை என்றும் பார்ப்பேன்.

இந்தப் படத்தில் மண் குவளை இல்லை. பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு ரோலர் இழுத்து, வலை கட்டி, கிரெய்க் என்ற துரைக்கு மணிக்கணக்காய்ப் பந்து போட்டவர் பாலு. மட்டை பிடிக்க விடவில்லை. பிறகு வெள்ளையரை ஜெயிக்க ஆள் வேண்டும் என்று பூனா இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கானில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளை. பந்தே மாட்டுத்தோல், தோழர்களே! பாலு கை பட்ட அந்தத் தோலைப் பார்ப்பான் பிடித்தால் தீட்டில்லை, கோப்பையைத் தொட்டால் தீட்டு! நம்ம பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்க பேஸ்பாலின் பழைய படங்களிலும் இப்படி ஒரு முகம் உண்டு. மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் 1884-இல் டொலிடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடிய கறுப்பர். அவர் தம்பியும் அதே வருஷம் ஆடினார். அதோடு கதவைச் சாத்தினார்கள். 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை 63 வருஷம், எந்த விதியிலும் எழுதாத தடை. அங்கே வெளியே தள்ளினான். இங்கே உள்ளே விட்டு விக்கெட்டை வாங்கிக்கொண்டு மண் குவளையை நீட்டினான்.

தலைமையையும் கொடுக்கவில்லை. 1920-இல் 1911 பயணத்தில் கூடப் போன எம்.டி.பாய் தலைவர். பாலுவின் தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆடமாட்டோம் என்று வெளியேறினார்கள். அதன்பிறகுதான் பாலுவுக்குத் துணைத்தலைவர் பதவி. 1923-இல் விட்டல் தலைவரே ஆனார். நம் பையன்கள் கொண்டாடவேண்டியது 114 விக்கெட்டைவிட இந்த வெளியேற்றத்தைத்தான் என்பேன்.

இனி அண்ணன் கேள்விக்கு வருவோம். 1932-இல் தனித்தொகுதிச் சண்டையில் பாலு, நம்ம எம்.சி.ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். 24.9.1932 பூனா ஒப்பந்தத்தில் அண்ணல், இரட்டைமலை சீனிவாசன், ராஜா, பாலு நாலு பேர் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் பாலுவை அண்ணலுக்கு எதிராக நிறுத்தியது. அண்ணலுக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. அணிக்குத் தலைவனாக ஆக்காதவனுக்கு, நம் தலைவரைத் தோற்கடிக்க மட்டும் நம்மாள் முகம் தேவைப்பட்டது. ரிசர்வ் தொகுதிகளில் இன்றும் இதைத்தானே பார்க்கிறோம்?

அதற்காகப் பாலுவைக் கைப்பாவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திறமையைக் காட்டினால் கதவு திறக்கும் என்று நம்பினார். அவருக்குப் பாதி திறந்தது, அதை முழுசு என்று எண்ணிவிட்டார். இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது பம்பாயில் நம் மக்கள் எடுத்த விழாவில் பாராட்டு மடலை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர்தான் என்கிறார் ராமச்சந்திர குஹா. பாலுவை எதிர்த்து ஜெயித்தவரே அவரைப் பாராட்டியவர். நமக்கு மட்டும் ஏன் இரண்டில் ஒன்றை அழிக்கிற அவசரம்?

கடைசியில் அண்ணன் இறங்கிவந்தார்: "மாட்டுங்கடே. ஆனா 1937-ஐயும் கீழ எழுதணும்." எழுதியாயிற்று. மண் குவளை, 1920, 1932, எல்லாமே.

போட்டிக்கு ஊர்த்தெரு அணிக்கும் அழைப்பு போயிருக்கிறது. இடைவேளைத் தேநீர் எல்லாருக்கும் ஒரே அண்டாவிலிருந்து, ஒரே மாதிரி எவர்சில்வர் தம்ளரில். இதுவரை பதில் இல்லை.