தட்டணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா?

டெங்கு நோயாளிகளின் உறவினர்கள் காலையில் முதலில் கேட்பது, “இன்று பிளேட்லெட் எவ்வளவு?” என்பதே. அந்தக் கவலை இயல்பானது. ஆனால், தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே நோயின் அளவுகோலாகக் கொள்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. டெங்கு வைரஸ் நோயின் தொடக்க நாள்களில் அந்த உற்பத்தியை மந்தமாக்குகிறது. அதனால் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைகின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள தட்டணுக்களும் விரைவாக அழிகின்றன. 1.5 இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்குவதும் உண்டு. மஜ்ஜை பழுதடைந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். தொற்று தணிந்ததும் அது மீண்டும் இயங்கும். பொதுவாக முதலில் வெள்ளையணுக்களும், பிறகு தட்டணுக்களும் உயரும்.

உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து, இரத்த அழுத்தம் சரிகிறது. இது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். “காய்ச்சல் விட்டுவிட்டது” என்று நாம் நிம்மதி அடையும் நேரமே கூடுதல் கவனம் தேவைப்படும் நேரம். ஹெமடோகிரிட், நாடித்துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றை மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது இதற்காகவே.

எண்ணிக்கை குறைந்ததும் தட்டணு ஏற்றுமாறு வற்புறுத்தி, இரவில் குருதிக்கொடையாளரைத் தேடி அலையும் குடும்பங்கள் பல. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000 அல்லது அதற்கும் கீழே குறைந்த பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியது இரத்தக்கசிவைத் தடுக்க உதவவில்லை, பக்கவிளைவுகளே கூடின. கடுமையான இரத்தக்கசிவு இருப்பின் அது தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

மருத்துவமனைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், குடும்பத்தினர் அந்த எண்ணைத்தான் பற்றிக்கொள்வார்கள். அதன் பொருளையும் விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.

கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, கருநிற மலம், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், தட்டணு எண்ணிக்கை எதுவாயினும் உடனே தெரிவியுங்கள். நாளை காலை, “பிளேட்லெட் எவ்வளவு?” என்பதோடு, “நோயாளியின் நிலை எப்படி இருக்கிறது?” என்றும் கேளுங்கள்.