சுவரை ஊடுருவும் துகளும் ஸ்ரீபெரும்புதூரும்

எதிரே ஒரு மதில். ஏறிக் குதிக்கத் தெம்பு இல்லை; மதிலில் ஓட்டையும் இல்லை. ஆயினும் ஒருவன் மறுகணம் அந்தப் பக்கம் நிற்கிறான் என்றால், சித்தர் கதை என்று சிரிப்போம். ஆனால் எலெக்ட்ரான் என்னும் நுண்துகள் இந்த வேலையை ஓயாமல் செய்கிறது! ‘குவாண்டம் ஊடுருவல்’ என்பார்கள் விஞ்ஞானிகள்.

இந்த விந்தை ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நம் பெண்கள் பூட்டும் செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. படங்களைச் சேர்த்து வைக்கும் சிப்பில் கோடானுகோடி நுண்ணறைகள். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் புகாத மெல்லிய சுவர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் சில கூறுகளே அதன் கனம். மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் சுவரை ஊடுருவி உள்ளே போகின்றன. அழுத்தம் நின்றதும் சிறைப்படுகின்றன. போனை அணைத்தாலும் படம் அழியாத ரகசியம் இதுதான்.

சென்னைக்கும் உறவு உண்டு

இதற்கான கணக்கை 1928-ல் ரால்ஃப் ஃபௌலரும் லோதர் நோர்தைமும் போட்டார்கள். அந்த ஃபௌலரிடம்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-ல் கேம்பிரிட்ஜுக்குப் போய் மாணவராகச் சேர்ந்தார். அன்று அந்தக் கணக்கை விலைக்குக் கேட்பார் இல்லை. 1984-ல் ஜப்பானியரான ஃபுஜியோ மசுவோகா ‘ஃபிளாஷ்’ சிப்பை அறிவித்தார். இன்று அது இல்லாத செல்போன் இல்லை.

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. இரண்டு பள்ளங்களைத் தொட்டில்போல் குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட வீச்சில் ஆட்டினால் ஊடுருவலே நின்றுவிடும் என்று 1991-ல் கணக்கிட்டார்கள். 2007-ல் இத்தாலியின் பீசா நகரில், ஒளியால் அமைத்த பள்ளங்களில் ரூபிடியம் அணுக்களை வைத்து ஆட்டி, ஊடுருவலை அடக்கிக் காட்டினார்கள். துகள்கள் ஒன்றையொன்று தள்ளும்போது கணக்கு இன்னும் சிக்கலாகிறது. கையில் பிடிக்கக்கூடிய மின்சுற்றிலேயே ஊடுருவலைக் காட்டிய மூவருக்கு 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

திருப்புளி போதுமா?

“திருகாணி முடுக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எதற்கு?” என்று கேட்பார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோ செய்துவந்த ஒரு ஜப்பானியக் கம்பெனியில்தான், 1957-ல் லியோ எஸாகி டயோடுகளை ஆராய்ந்து இந்த ஊடுருவலைக் கண்டார். 1973-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கம்பெனிதான் பின்னாளில் சோனி என்று பெயர் மாறியது. அங்கே ஆலையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இங்கேயோ சிப் கடல் கடந்து வருகிறது. நாம் பூட்டி அனுப்புகிறோம்.

பூட்டும் வேலை நிலையானதன்று. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். ஆலைக்காரர் யந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாம். தொழிலாளி கற்ற கல்வியைக் கழற்ற முடியாது.

ஆகவே, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் தொழிலாளருக்குத் தமிழில் மாலை வகுப்பு நடத்த வேண்டும். நிலமும் சலுகையும் தரும் சர்க்கார், ஆலைக்கொரு ஆராய்ச்சிக்கூடம் கேட்க வேண்டும். பெண்கள் தங்கும் விடுதிகளில் கட்டிலோடு ஒரு நூலகமும் வேண்டும்.

எலெக்ட்ரானுக்கு மதில் தடையில்லை. நம் பெண்களுக்கு மட்டும் ஏன் தடை?